'ரேடியோ நெல்': ஒரு பெயரின் மறுவாசிப்பு

வானொலியின் கல்விப் பணியைப் பற்றிய எழுத்துகளில் ஒரு சான்று ஓயாமல் திரும்பி வருகிறது. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1966இல் உழவர்களுக்கான பண்ணை இல்லப் பிரிவைத் தொடங்கியது. அதையொட்டிய ஆண்டுகளில் தஞ்சை உழவர்கள் ஏ.டி.டி. 27 என்ற புதிய ரகத்தை 'ரேடியோ நெல்' என்று அழைத்தார்கள். இந்த ஒரு பெயரை வைத்து, ஒலிபரப்பே விதையை வயலில் இறக்கியது என்ற முடிவுக்கு ஓர் ஆய்வு மரபு வந்து சேர்ந்திருக்கிறது. பெயர் வழங்கியதை இக்கட்டுரை ஐயுறவில்லை. அதற்குச் சொல்லப்படும் பொருளைத்தான் ஏற்கவில்லை.

முதலில் பெயரையே பார்க்கலாம். 1965இல் வெளியான அந்த ரகத்துக்குச் சொல்ல எளிதான ஊர்ப்பெயர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஏ.டி.டி. என்பது ஆடுதுறை. கும்பகோணத்துக்கு அருகில், அதே மாவட்டத்துக்குள், 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் ஊர். 'ஆடுதுறை 27' என்று சொல்ல உழவருக்கு நாக்கு தடுமாறப்போவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பெயரோடு 'ரேடியோ' என்ற சொல் போட்டியிட்டு நின்றது என்றால், வேறொரு பெயர் இல்லாத குறையால் அது பிறக்கவில்லை.

தமிழ் உழவர் வழக்கில் புதிதாக வரும் பயிருக்குப் பெயர் எப்படி அமைகிறது? வட தமிழ்நாட்டில் நிலக்கடலைக்கு மணிலாக்கொட்டை என்று பெயர். பேச்சில் அது மல்லாட்டை ஆனது. கடல் கடந்து வந்த கருவேலம் சீமைக் கருவேலம் ஆயிற்று. இவை வந்த வழியைச் சொல்லும் பெயர்கள். மணிலா யாருக்கும் கடலை சாகுபடி கற்றுக்கொடுத்ததாக எவரும் இதிலிருந்து முடிவு கட்டுவதில்லை. மறுபுறம், கற்றுக்கொடுத்த நிறுவனத்தின் பெயரை உழவர் வழக்கு எளிதில் கைவிட்டுவிடுகிறது. ஏ.டி.டி. 27க்குத் தாய்தந்தையரில் ஒன்றான ஜி.இ.பி. 24 தன் பெயரிலேயே அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் அலுவலகத்தின் முதலெழுத்துகளைச் சுமந்தது. ஊரில் அது கிச்சிலிச் சம்பா. ஆகவே 'ரேடியோ நெல்' என்றால் 'ரேடியோவோடு வந்த நெல்' என்று கொள்வதே வழக்குக்குப் பொருந்தும். 'ரேடியோ கற்றுக்கொடுத்த நெல்' என்பது நாம் ஏற்றிச் சொல்வது.

ரேடியோவோடு வேறென்ன வந்தது என்பதே அடுத்த கேள்வி. தஞ்சை மாவட்டம் 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை ஆகியவற்றை ஒரே கட்டாகத் தருவது அத்திட்டத்தின் அடிப்படை. வானொலி இந்த விதையைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே அந்தக் கட்டு ஆண்டுக்கணக்கில் நடப்பில் இருந்தது. விதையின் இயல்பும் அதற்குத் துணை நின்றது. ஜப்பானிய நோரின் 10 நெல்லோடு ஜி.இ.பி. 24ஐக் கலந்து பிறந்த இந்த ரகம் ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவைப் பயிரை எடுத்துவிட்டு அடுத்த பருவமான தாளடிக்கு நிலத்தைத் தயார் செய்ய அது இடம் கொடுத்தது. பண்ணை இல்லப் பிரிவில் அமர்ந்தவர்களும் வெறும் அறிவிப்பாளர்கள் அல்லர். அவர்களில் வேளாண்மை படித்தவர்கள் இருந்தார்கள்.

ஒலிபரப்பால் தீராத சிக்கலும் இருந்தது. குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொண்டதால் ஈரநெல் குவிந்தது. அதைக் காப்பாற்ற வழி தேடியே 1967இல் திருவாரூரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது.

குரலுக்கு மட்டும் எவ்வளவு வலிமை என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று அதற்கு முன்பே நடந்திருக்கிறது. 1956இல் யுனெஸ்கோ துணையோடு புனே வட்டாரத்தில் வானொலி கிராம மன்றச் சோதனை நடந்தது. பால் நியூராத் அதை மதிப்பிட்டார். கேட்டபின் கூடி விவாதித்த ஊர்களில் அறிவு பெருமளவு வளர்ந்தது. ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சொற்பம். தஞ்சைக் கதையை வாசிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடுவது எளிது. மறக்கக் கூடாது.

எதிர்ச்சோதனைக்குத் திருவள்ளூர் உதவுகிறது. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளும் இருந்த திரூரில் 1942 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. 1952இல் அது தந்த டி.கே.எம். 6, குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் கொண்டது. அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதை எடுத்துக் கலந்து, 1969இல் ஐ.ஆர். 20ஐ வெளியிட்டது. 1970களில் ஐ.ஆர். 20 தமிழ்நாடெங்கும் பரவியது. பண்ணை இல்லப் பிரிவுகளும் அதற்குள் மேலும் பல நிலையங்களில் வந்துவிட்டன. குரலின் வலிமையே பெயரைப் பிறப்பித்தது என்றால், ஐ.ஆர். 20 அல்லவா இரண்டாவது ரேடியோ நெல் ஆகியிருக்க வேண்டும்? அது கடைசிவரை ஐ.ஆர். இருபதாகவே இருந்தது. வானொலி புதுமையாக இருந்த ஒரு வேளையில், ஒரு மாவட்டத்தில், ஒரு விதை அதனோடு சேர்ந்து ஊருக்குள் நுழைந்தது. அந்தச் சேர்க்கை மீண்டும் நிகழவில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

ஒரு ரகத்தை மட்டும் வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் எதிர்த்தரப்பும் ஒரே பெயரின் மீதுதான் நிற்கிறது. ஏழைகளிடம் ரேடியோ ஏது என்ற ஆட்சேபம் இங்கே எடுபடாது. ஊராட்சி ரேடியோவைச் சுற்றி ஊரே கூடிக் கேட்ட காலம் அது. கூடிக் கேட்டதும் இக்கட்டுரையின் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது.

இது பழைய வழக்கு மட்டுமன்று. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடியபோது பாடம் முழுவதையும் திரை சுமக்கும் என்று பலர் நம்பினார்கள். அதே திருவள்ளூரின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளும், செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் அந்தத் திரையின் முன் யாரோடு உட்கார்ந்தார்கள் என்று கேட்டவர் குறைவு. அலைவரிசைகளை எண்ணும் ஆய்வுகளால் இதற்கு விடை தர முடியாது.

ஆய்வாளர்கள் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1966இல் இருபது வயதில் ஏர் பிடித்தவருக்கு இன்று எண்பது வயதாகிறது. இந்தப் பெயரை அதிகம் எடுத்துச் சொல்லிவருவது ஒலிபரப்புத் துறை சார்ந்த எழுத்துகளே. உழவர் வாய்மொழி அதற்கு ஈடாகத் தொகுக்கப்படவில்லை. தஞ்சையில் குறுவை விதைத்தவர்களிடமும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் சொர்ணவாரி, நவரைப் பருவங்களில் நெல் எடுத்தவர்களிடமும் விதை யார் கையிலிருந்து வந்தது, ரேடியோவில் கேட்டதை யாரிடம் பேசினார்கள் என்று நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை 'ரேடியோ நெல்' என்ற பெயரை வானொலி தனித்து வென்றதற்குச் சான்றாக மேற்கோள் காட்டுவதை நிறுத்திவைப்பதே முறை.