பெயர் ஒன்று, கட்சி இரண்டு: கனடாவின் மாகாண, மத்திய கன்சர்வேட்டிவ் அரசியல்

2025 பெப்ரவரி 27 அன்று கனடாவில் மக்கள்தொகை மிகுந்த மாகாணமான ஒன்ராறியோவில் டக் ஃபோர்டின் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி 124 இடங்களில் 80ஐப் பிடித்து, மூன்றாவது முறையாகப் பெரும்பான்மை ஆட்சி அமைத்தது. ஏப்ரல் 28இல் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் பியர் பொலியேவ் தலைமையிலான கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சியைப் பிடிக்கத் தவறியது. ஒட்டாவாவின் புறப்பகுதியான கார்ல்ட்டன் தொகுதியில் பொலியேவே தோற்றார். இடைப்பட்ட வாரங்களில் ஃபோர்டின் தேர்தல் பொறுப்பாளர் கோரி டெனைக், பொலியேவின் பிரசாரத்தை வெளிப்படையாகவே சாடினார்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். ஒன்று, இரண்டே மாதத்தில் மக்கள் மனம் மாறிவிட்டது. மற்றொன்று, உட்கட்சிப் பூசல். உட்கட்சிப் பூசல் என்றால் கட்சி ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே இருப்பவை இரண்டு கட்சிகள். தலைமை வேறு, உறுப்பினர் பட்டியல் வேறு, நிதி வேறு. பொலியேவின் கட்சியில் சந்தா கட்டியவருக்கு ஃபோர்டின் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. இந்தியாவில் காங்கிரஸுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் டெல்லியில் ஒரு மேலிடம் உண்டு; மாநிலத் தலைவர் யார், முதல்வர் யார் என்பதில் அதன் சொல் எடுபடும். அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் மாநில ஆளுநரும் அதிபரும் ஒரே கட்சியின் ஆட்கள். இந்தப் பழக்கத்தோடு கனடாவைப் பார்ப்பவர் இல்லாத மேலிடத்தைத் தேடுகிறார். அது எப்படி இல்லாமற்போனது என்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

1867இல் கூட்டாட்சி உருவானபோது இரு தளங்களும் இவ்வளவு விலகியிருக்கவில்லை. ஒரே ஆள் மாகாணச் சட்டமன்றத்திலும் ஒட்டாவா நாடாளுமன்றத்திலும் உட்காரலாம். ஒன்ராறியோவின் முதல் முதல்வர் ஜான் சான்ட்ஃபீல்ட் மக்டொனால்ட் இரண்டிலும் உறுப்பினராக இருந்தார். பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்டின் ஆதரவுடன்தான் ஆட்சி நடத்தினார். 1870களின் தொடக்கத்தில் வந்த சட்டங்கள் இந்த இரட்டைப் பதவிக்கு முற்றுப்புள்ளி வைத்தன. அடுத்து முதல்வராகியிருந்த எட்வர்ட் பிளேக் 1872இல் மாகாணப் பதவியை உதறி ஒட்டாவாவைத் தேர்ந்தெடுத்தார். அவர் இடத்துக்கு வந்த ஆலிவர் மோவட் 1896 வரை முதல்வராக இருந்து, மாகாண உரிமைகளுக்காக மத்திய அரசோடு ஓயாமல் வழக்காடினார். மோவட் லிபரல்காரர். ஆனாலும் ஒட்டாவாவை எதிர்த்து நின்றால் உள்ளூரில் வாக்கு சேரும் என்று அவர் காட்டிய வழியில் பிற்காலக் கன்சர்வேட்டிவ் முதல்வர்களும் தயங்காமல் நடந்தார்கள்.

கியூபெக்கில் பிரிவு இன்னும் ஆழமானது. அங்கே மாகாணக் கன்சர்வேட்டிவ் கட்சியே 1930களில் மொரிஸ் டூப்ளெஸியின் யூனியன் நசியோனாலில் கரைந்துபோனது. 1958இல் அந்தக் கட்சியின் தேர்தல் இயந்திரம் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் டீஃபென்பேக்கருக்காக இறங்கி வேலை செய்தபோது, மாகாணத்தின் 75 இடங்களில் 50 அவருக்குக் கிடைத்தன. டூப்ளெஸி 1959இல் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய கட்சி ஆட்சியை இழந்தது. 1962இல் டீஃபென்பேக்கருக்குக் கியூபெக்கில் மிஞ்சியவை 14 இடங்கள். இரவல் வந்த வாக்குகளைச் சொந்த வாக்குகள் என்று எண்ணியதன் விலை அது.

பணமும் இந்தப் பிரிவை இறுக்கியது. 1974இல் மத்திய அரசும் 1975இல் ஒன்ராறியோவும் தேர்தல் நிதிச் சட்டங்களைத் தனித்தனியாக இயற்றின. நன்கொடைக்கு வரிச்சலுகை வந்தது. கணக்கு காட்டும் கடமையும் கூடவே வந்தது. அதுவரை ஒன்றையொன்று சார்ந்திருந்த அமைப்புகள் அதன் பிறகு தத்தம் கல்லாவைத் தாமே பார்த்துக்கொண்டன. அரசியல் வரலாறுகளில் இது பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துபோகும். தலைவர்களின் சண்டைகளைவிட இதற்குக் கூடுதல் எடை தர வேண்டும் என்பது என் கருத்து.

பிரிவின் முழுப் பொருளும் விளங்கியது 1979–81 ஆண்டுகளில்தான். அல்பேர்ட்டாவைச் சேர்ந்த ஜோ கிளார்க் 1979இல் பிரதமரானார். அல்பேர்ட்டா முதல்வர் பீட்டர் லொஹீட், ஒன்ராறியோ முதல்வர் பில் டேவிஸ், கிளார்க் மூவரும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியினர். எண்ணெய் விலை விஷயத்தில் மூவருக்கும் மூன்று கணக்கு. எண்ணெய் விற்கும் அல்பேர்ட்டாவுக்கு விலை ஏற வேண்டும். அதை எரித்துத் தொழிற்சாலை நடத்தும் ஒன்ராறியோவுக்கு ஏறக் கூடாது. இடையில் அகப்பட்ட கிளார்க் அரசு டிசம்பரில் கொண்டுவந்த வரவுசெலவுத் திட்டம் பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18 சதம் வரி போட்டது. டிசம்பர் 13இல் 139க்கு 133 என்ற வாக்கில் அரசு கவிழ்ந்தது. 1980 பெப்ரவரித் தேர்தலில் ஒன்ராறியோவில் கட்சியின் இடங்கள் 57இலிருந்து 38ஆக இறங்கின. அதே மாகாணத்தில் டேவிஸின் கட்சி 1943 முதல் தொடர்ந்து ஆட்சியில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து அரசியலமைப்புச் சட்டத்தைப் பிரித்தானியாவிலிருந்து நாட்டுக்குக் கொண்டுவரும் விவகாரம். லிபரல் பிரதமர் பியர் ட்ரூடோவின் திட்டத்தை மத்தியக் கன்சர்வேட்டிவ் தலைவர் கிளார்க் கடுமையாக எதிர்த்தார். எட்டு மாகாணங்கள் எதிர்த்தன. அவற்றில் ஐந்தில் கன்சர்வேட்டிவ் ஆட்சி. ட்ரூடோவுக்குத் துணை நின்ற இரண்டே முதல்வர்கள் ஒன்ராறியோவின் டேவிஸும் நியூ பிரன்சுவிக்கின் ரிச்சர்ட் ஹாட்ஃபீல்டும். இருவரும் கன்சர்வேட்டிவ்கள். 1981 நவம்பரில் ஒட்டாவாவின் பழைய இரயில் நிலையக் கட்டடத்தில் மாநாடு முடங்கிக்கிடந்தபோது, அங்கிருந்த சமையலறை ஒன்றில் மூன்று பேர் ஒதுங்கி நின்று உடன்பாட்டின் சாரத்தைக் குறித்துக்கொண்டார்கள்: மத்திய லிபரல் அமைச்சர் ழான் கிரெட்டியென், சஸ்காட்சுவான் புதிய ஜனநாயகக் கட்சி அமைச்சர் ராய் ரோமனோ, ஒன்ராறியோவின் கன்சர்வேட்டிவ் அமைச்சர் ராய் மக்மேர்ட்ரி. மூன்று கட்சிகளின் ஆட்கள் ஒரே தாளில் குனிந்திருந்த அந்த நேரத்தில், மத்தியக் கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தது. பேச்சில் அதற்கு இடமே இல்லை. டேவிஸைக் கட்சித் துரோகி என்பவர்கள் உண்டு. அவர் காத்தது தன் மாகாணத்தின் நலனையும், நாடு உடையாமல் இருக்க வேண்டும் என்ற தன் நம்பிக்கையையும்தான். கிளார்க்குக்குக் கட்டுப்பட வேண்டிய கடமை அவருக்கு எந்த விதியிலும் இல்லை.

2008இல் நியூஃபவுண்ட்லாந்து முதல்வர் டானி வில்லியம்ஸ் இதைவிட ஒரு படி மேலே போனார். கடலடி எண்ணெய் வருவாய், மாகாணங்களுக்கான சமன்படுத்தும் நிதி ஆகியவற்றில் கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் வாக்குத் தவறினார் என்று கூறி, கன்சர்வேட்டிவ் தவிர யாருக்கும் வாக்களியுங்கள் என்று அந்தக் கன்சர்வேட்டிவ் முதல்வரே பிரசாரம் செய்தார். ஹார்ப்பர் கட்சியிடம் அங்கே இருந்த மூன்று இடங்களும் பறிபோயின.

இதற்கு முன்பே, 1993இல், மத்திய முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியிருந்தது. மேற்கே எழுந்த ரிஃபார்ம் கட்சி மாகாணக் கிளைகளே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. 2003 டிசம்பரில் ரிஃபார்மின் வழிவந்த கனேடியக் கூட்டணியும் பழைய கட்சியும் இணைந்து இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சி பிறந்தபோது, 'முற்போக்கு' என்ற அடைமொழி மத்தியில் நீங்கியது. ஒன்ராறியோ, நோவா ஸ்கோஷியா முதலிய மாகாணக் கட்சிகள் அந்த இணைப்பில் சேரவில்லை. பழைய பெயரோடு இன்றும் தொடர்கின்றன.

ஒரே மக்கள் இரு தளங்களிலும் வெவ்வேறாக வாக்களிப்பதற்கு ஒன்ராறியோ தரும் சான்று போலத் தெளிவானது வேறில்லை. மாகாணத் தொகுதிகளின் எல்லைகளை மத்தியத் தொகுதிகளோடு பொருத்தி, எண்ணிக்கையை 103ஆகக் குறைத்தவர் முதல்வர் மைக் ஹாரிஸ். அந்த எல்லைகளில் 1999இல் அவருடைய கட்சி 59 இடங்களை வென்றது. மறு ஆண்டு அதே 103 தொகுதிகளில் கிரெட்டியெனின் லிபரல் கட்சி 100ஐ அள்ளியது. நம்மவர்கள் திரளாக வாழும் ஸ்காபரோ–ரூஜ் பார்க் இன்னொரு சாட்சி. 2018இலும் 2022இலும் மாகாணத் தேர்தலில் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் விஜய் தணிகாசலம் அங்கே வென்றார். 2015, 2019, 2021 நாடாளுமன்றத் தேர்தல்களில் வென்றவர் லிபரல் கட்சியின் ஹரி ஆனந்தசங்கரி. அத்தொகுதி மக்கள் இரண்டு அரசுகளிடம் இரண்டு வேலைகளை எதிர்பார்த்து வாக்களித்திருக்கிறார்கள். அதைக் குழப்பம் என்று சொல்ல முடியாது.

ஒட்டாவாவில் ஒரு கட்சி என்றால் மாகாணத்தில் மற்றதை வைத்து மக்கள் தராசைச் சமன் செய்கிறார்கள் என்பது வரலாற்றாசிரியர் ஃபிராங்க் அண்டர்ஹில் முன்வைத்த விளக்கம். அல்பேர்ட்டாவில் அது நிற்கவில்லை. 1971 முதல் 2015 வரை அங்கே ஒரே கன்சர்வேட்டிவ் ஆட்சி; 1972 முதல் 1984 வரை நடந்த ஐந்து நாடாளுமன்றத் தேர்தல்களிலும் மாகாணத்தின் எல்லா இடங்களும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கே.

ஆனால் இரண்டு கட்சிகள் என்பதை ஒட்டுறவே இல்லை என்று புரிந்துகொள்வதும் தவறுதான். ஹாரிஸ் அமைச்சரவையில் இருந்த ஜிம் ஃபிளாகெர்ட்டி, ஜான் பெயர்ட், டோனி கிளெமென்ட் மூவரும் 2006இல் ஹார்ப்பரின் அமைச்சர்களானார்கள். ஹார்ப்பரின் அமைச்சர் ஜேசன் கென்னி அல்பேர்ட்டாவுக்குத் திரும்பி 2017இல் ஐக்கிய கன்சர்வேட்டிவ் கட்சியை உருவாக்கினார். மத்தியக் கன்சர்வேட்டிவ் தலைவராக இருந்த ழான் ஷாரே 1998இல் கியூபெக் லிபரல் கட்சித் தலைவரானார். 2003இல் மாகாண முதல்வர். 2022இல் மீண்டும் மத்தியக் கன்சர்வேட்டிவ் தலைமைக்குப் போட்டியிட்டுப் பொலியேவிடம் தோற்றார். ஆட்கள் தாராளமாகப் போய்வருகிறார்கள். கட்டளை போய்வருவதில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்துவருவது இந்த வரலாற்றின் புதிய திருப்பம். அங்கே பல பத்தாண்டுகளாக மத்தியில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்களித்தவர்கள் பலர் மாகாணத்தில் முதலில் சோஷியல் கிரெடிட்டிலும், பின்பு லிபரல் என்ற பெயரைத் தாங்கிய வலதுசாரிக் கூட்டணியிலும் இருந்தார்கள். அந்த லிபரல் கட்சி 2023இல் பெயரை மாற்றிக்கொண்டது. 2024 ஆகஸ்டில் தேர்தல் களத்தைவிட்டே விலகியது. அதுவரை ஓரத்தில் கிடந்த மாகாணக் கன்சர்வேட்டிவ் கட்சி ஜான் ரஸ்டாட் தலைமையில் அக்டோபர் தேர்தலில் 93 இடங்களில் 44ஐப் பிடித்தது. பொலியேவின் கட்சியோடு அதற்கு அமைப்புவழித் தொடர்பு எதுவும் இல்லை. கட்சியின் பெயர் அப்போது நாடெங்கும் பெற்றிருந்த செல்வாக்கு அதைத் தூக்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன். மேலிடம் இல்லாத நாட்டிலும் பெயர் மட்டும் மாகாண எல்லையைத் தாண்டி வேலை செய்யும் என்பதற்கு அண்மைச் சான்று இது. ஆட்சிக்கு வந்திருந்தால் அந்தக் கட்சி ஒட்டாவாவோடு எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதை, டேவிஸையும் வில்லியம்ஸையும் அறிந்தவர்கள் அதன் பெயரை வைத்துக் கணிக்க மாட்டார்கள்.