கார்லின் மலையும் கல்வராயன் மலையும்



சில மாதங்களுக்கு முன் டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் என் பழைய மாணவன். கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூரொன்றில் பிறந்து, கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் என்னிடம் வேதியியல் பயின்று, இப்பொழுது அந்நகரில் மேற்படிப்புப் படித்து வருகின்றான். "ஐயா, கோபிக்கக் கூடாது. விடுமுறை நாளில் நண்பர்கள் என்னை ஒரு பீர் ஆலைக்கு அழைத்துச் சென்றார்கள். குடிப்பதற்கு அன்று, பார்ப்பதற்குத்தான்" என்று தொடங்கியிருந்தான். ஆலையை நான்கு பக்கம் வருணித்துவிட்டு, முடிவில் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: "இங்கேயும் ஊறல் போட்டார்கள், நம் மலையிலும் போடுகிறார்கள். இங்கே அதிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. நம் ஊரில் கருணாபுரத்துத் தெருவில் பிணங்கள் கிடந்தன. ஏன் ஐயா?"

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கூறாதிருப்பது ஆசிரியனுக்கு அழகன்று. நான் எண்ணிக் கண்ட விடையை உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

அவன் கண்டது கார்ல்ஸ்பர்க் என்னும் ஆலையின் பழைய வளாகம். 1847-ஆம் ஆண்டில் ஜே. சி. யாக்கப்சன் என்பவர் நகருக்கு வெளியே ஒரு மேட்டில் அதை நிறுவி, ஐந்து வயது மகன் கார்லின் பெயரை அதற்கு இட்டார். 'கார்லின் மலை' என்பதே அப்பெயரின் பொருள். வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி, உலர்த்தி அரைத்து, வெந்நீரில் கரைத்தால் மாவு சர்க்கரையாகின்றது. அச்சர்க்கரையை ஈஸ்டு என்னும் நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகின்றது. இது பல்லாயிரம் ஆண்டுப் பழமையான தொழிலேயாயினும், ஒரு கொப்பரையில் நன்றாக விளைந்த பானம் மறு கொப்பரையில் கெட்டுப் போவதன் காரணத்தை நெடுங்காலம் எவரும் அறிந்திலர்.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் இதனை ஆராய்ந்து, 1876-இல் பீரைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் யாக்கப்சன் தம் ஆலையோடு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை அமைத்தார். அங்குப் பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹான்சன், 1883-இல் ஈஸ்டின் ஒரே ஓர் உயிரணுவைத் தனியே பிரித்து வளர்த்தார். வேண்டாத காட்டு ஈஸ்டு கலப்பதே பானத்தைக் கெடுக்கின்றது என்று நிறுவினார். யாக்கப்சன் அத்தூய ஈஸ்டைத் தம் தொழிலில் போட்டியிட்டவர்களுக்கும் இலவசமாகக் கொடுத்தார். இக்கூடத்தில் கண்டறியும் உண்மை எதனையும் மறைத்து வைத்தலாகாது என்பது அவர் விதித்த விதி. நீங்கள் வகுப்பில் அமிலத்தையும் காரத்தையும் அளக்கின்றீர்களே, அந்த பி.எச். அளவுமுறையை 1909-இல் சோரன்சன் வகுத்ததும் அதே கூடத்தில்தான்.

நம் முன்னோர் இத்தொழிலை அறியாதவர் அல்லர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியைத் துழாவி ஆற்றி, அதனோடு அடை சேர்த்து, வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவிக்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஒரு வேதியியல் பாடக்குறிப்புப் போன்றே அப்பகுதி அமைந்திருக்கின்றது. அதே தமிழகத்தில்தான் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆக்கும் முறையும் அறியப்பட்டிருந்தது. அதன் கேடும் அறியப்பட்டிருந்தது. இரண்டும் வெளிப்படையாகப் பேசப்பட்டன.

மறைவு பின்னர் வந்தது. ஆங்கிலேயர் 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டத்தை இயற்றினர். உரிமம் பெற்றவரே காய்ச்சலாம், இறக்கலாம், விற்கலாம் என்றாயிற்று. வீட்டுச் சாடி குற்றமாயிற்று. குத்தகைக் கடை அரசின் வருவாயாயிற்று. அவ்வருவாய் ஏழையின் கூலியிலிருந்து வருவதைக் கண்டு வருந்தியவர் இராஜாஜி. அவர் சென்னை மாகாண முதலமைச்சரானதும், 1937 அக்டோபர் முதல் நாள், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது.

இங்கே நம் மலையின் இருப்பிடத்தை நினைவில் கொள்ளுங்கள். கல்வராயன் மலைத்தொடரின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கள்ளக்குறிச்சி வட்டத்தைச் சேர்ந்த கிழக்குப் பகுதியோ அன்று தென்னார்க்காட்டில் இருந்தது. ஆகவே 1937-இல் ஒரே மலையின் ஒரு பக்கத்தில் மது விலக்கு, மறுபக்கத்தில் மதுக் கடை! போர்க்காலத்தில் நின்றுபோன மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது; 1971-இல் தளர்த்தப்பட்டது; சில ஆண்டுகளில் மீண்டது; 1981-இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்தி வருகின்றது.

இத்தனை மாற்றங்களுக்கும் நடுவே மலை மாறவில்லை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் வரகும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்பவர்கள். 1976 வரை அவர்கள் ஜாகீர்தார்களின் ஆட்சியின் கீழ் இருந்தனர். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் தாமதமாகவே மேலேறின. சாலை ஏறுமுன் வெல்ல மூட்டை ஏறிவிட்டது. ஓடைக்கரையில் பேரல்களில் ஊறல் போடுவதும், காவலர் வந்து அவற்றைக் கவிழ்ப்பதும், மறுவாரம் வேறோர் ஓடையில் புதிய ஊறல் தோன்றுவதும் பல்லாண்டுகளாக நடந்து வரும் கதை. இதில் ஈடுபட்டோர் சிலரே. பழியோ மலை முழுவதற்கும் வந்து சேர்ந்தது.

2024 ஜூன் மாதம் 18, 19-ஆம் நாள்களில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் பாக்கெட்டுச் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலியோடும் மங்கிய கண்களோடும் மருத்துவமனைக்கு ஓடினர். 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். 'மலைச் சாராயம் கொன்றுவிட்டது' என்று பலர் பேசினர். அது பிழை, அப்பிழையைத் திருத்துவதே என் மாணவனின் கேள்விக்கு விடையாகும்.

கொன்றது மெத்தனால். வெல்ல ஊறலில் ஈஸ்டு ஆக்குவது எத்தனால். மெத்தனால் அதில் உண்டாவது அற்பமே. முற்காலத்தில் மரத்தை வாட்டி மெத்தனால் எடுத்தார்கள். 1923 முதல் ஜெர்மனியில் வாயுக்களை உயர்ந்த அழுத்தத்தில் சேர்த்து ஆலையில் ஆக்கத் தொடங்கினார்கள். அது வண்ணப் பூச்சுக்கும் பிசினுக்கும் உரிய பொருள், வயிற்றுக்கு உரியதன்று. கண்ணுக்கும் மூக்குக்கும் அது எத்தனாலைப் போலவே தோன்றும். உடலுள் சென்றபின் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும், உயிரையும் பறிக்கும். உடனே சிகிச்சை பெற்றால் பலரைப் பிழைக்க வைக்கலாம். காலம் தாழ்த்தினால் முடிவதில்லை.

கார்லின் மலையில் ஒரு துளி ஈஸ்டைக்கூட ஆராய்ந்து, கண்டதை ஊரறியச் சொன்னார்கள். இங்கோ பாக்கெட்டில் இருப்பது இன்னதென்று விற்றவனும் சொல்லவில்லை, குடித்தவனும் அறியவில்லை. அறிவு வெளிப்பட்ட இடத்தில் கூடம் எழுந்தது. அது மறைந்த இடத்தில் பிணம் விழுந்தது.

மறைத்தவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்தேன். மெத்தனாலின் வாய்பாட்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதினேன். 'இது கண்ணைக் கெடுக்கும், உயிரைக் கொல்லும்; உன் தகப்பனாரிடம் சொல்' என்று ஒருநாளும் சொல்லவில்லை. வகுப்பறையில் சாராயத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்று எண்ணினேன். என் வகுப்பின் சன்னலிலிருந்து அம்மலை தெரியும். முன் வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் எத்தனை பேருடைய தந்தையர் மாலையில் எங்குச் சென்றனர் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் வாய் திறந்தேனில்லை.

2024 ஜூன் இறுதியில் சட்டப்பேரவை தண்டனைகளைக் கடுமையாக்கியது. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றாயிற்று. சட்டம் விற்பவனைத் தடுக்கும். வீட்டில் இருப்பவரைத் தடுக்க நீங்கள் வேண்டும். குடியாதிருப்பதே நன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், குடித்துவிட்டு வந்து 'கண் தெரியவில்லை' என்று ஒருவர் கூறினால், வெட்கத்தால் கதவைச் சாத்தாதீர்கள். அந்நொடியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடித்தது எதுவென்று மறையாது சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக நிற்கும் அச்சொல்லை இன்று மாலை உங்கள் வீட்டில் உரக்கச் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியதை நீங்கள் சொன்னால், என் மாணவன் கேட்ட கேள்வி இன்னொரு தலைமுறைக்கு எழாது.