கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வை-ஃபை காணோமா?
பெங்களூரு பிரேசர் டவுனில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னல் அப்டேட் போட்டதும் வை-ஃபை போச்சு. கார்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பூட் ஃபோல்டரில் ‘கான்ஃபிக்’ என்று தொடங்கும் ஃபைலைத் திறந்து பாருங்க. டிரைவர் பெயருக்கு நேரே ‘ஒய்’ என்றால் அது கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ‘எம்’ என்றால் தேவைப்படும்போது ஏற்றப்படும் தனி மாட்யூல்.

பெயரே இல்லையா? டிரைவரையே நீக்கியிருக்கலாம். கெர்னல் மாறமாற டிரைவரையும் யாராவது திருத்தணும். சோதிக்க அந்தப் பழைய கருவியும் கையில் இருக்கணும். 2019-ல் பிளாப்பி டிரைவருக்கு அப்படி ஆளில்லாமல் போக, லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ‘அநாதை’ என்று குறித்தார். பிறகு ஒரு டெவலப்பர் பொறுப்பேற்றதால் பிழைத்தது. 386 பிராசஸருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1991-ல் லினக்ஸ் பிறந்ததே அதில்தான். ஆனாலும் 2013-ல் வந்த 3.8 பதிப்பில் அதற்கு இடமில்லை.