வைரசுக் கருத்தின் உருவாக்கத்தில் ஆய்வுகூட நடைமுறை: புகையிலை நோயொன்றின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோரிடையே இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. பெருமேதைகளின் தனித்திறமையினால் உண்மைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன எனக் கூறுவது ஒன்று. சமூகத் தேவை தோன்றியதும் அதற்குரிய கண்டுபிடிப்பும் தானாகவே தோன்றிவிடுகின்றது எனக் கருதுவது மற்றொன்று. முற்போக்காளர் பலர் இரண்டாவது போக்கின்பாற் சாய்வது இயல்பே. எனினும், இவ்விரு போக்குகளும் ஆய்வுகூடத்தின் உள்ளே நிகழ்வனவற்றைப் போதியளவு கவனிப்பதில்லை. எத்தகைய கருவி கையிலிருந்தது, எதனை அளக்க முடிந்தது, எதனை அளக்க முடியவில்லை என்பனவும் கோட்பாட்டின் வடிவத்தை நிர்ணயிக்கின்றன. இதனை வைரசு என்னும் கருத்து உருப்பெற்ற வரலாற்றினைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புகையிலைச் செடியின் இலைகளில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகளைத் தோற்றுவிக்கும் சித்திரவடிவ நோய் பற்றிய ஆய்வுகளை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1. வடிகட்டி வகுத்த எல்லை

நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரிலிருந்த விவசாயப் பரிசோதனை நிலையத்தில் அடொல்ப் மேயர் 1879 இல் இந்நோயை ஆராயத் தொடங்கினார். நோயுற்ற செடியின் சாற்றினை நல்ல செடியினுட் செலுத்தினால் பெரும்பாலும் நோய் தொற்றுவதை அவர் நிறுவினார். அதற்குக் காரணமான நுண்ணுயிரை அவரால் வேறாக்க முடியவில்லை. ஆயினும் அது பற்றீரியாவாகவே இருத்தல் வேண்டுமென 1886 இல் அவர் முடிவு கூறினார். பாஸ்ரரும் கொக்கும் பெற்ற வெற்றிகளின் ஒளியில் ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் ஒரு நுண்ணுயிர் உண்டென்ற எண்ணம் ஆட்சி செலுத்திய காலம் அது.

இந்நிலையிற் புதிய கருவியொன்று வந்து சேர்ந்தது. பாஸ்ரரின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஷாம்பர்லான் 1884 இல் மெருகிடாத பீங்கானாலான வடிகட்டியொன்றை அமைத்தார். நீரிலுள்ள பற்றீரியாக்களை அகற்ற அது பயன்பட்டது. ருஷியாவின் புகையிலைப் பயிர்களுக்கு நேர்ந்த சேதத்தை ஆராயும்படி அனுப்பப்பட்ட இவனோவ்ஸ்கி, 1892 இல், இவ்வடிகட்டியைக் கடந்த சாறும் நோயை விளைவிப்பதாக அறிவித்தார்.

வைரசைக் கண்டுபிடித்தவர் இவனோவ்ஸ்கியே எனச் சோவியத் எழுத்தாளர்கள் வலியுறுத்தி வந்துள்ளனர். மொஸ்கோவிலிருந்த வைரசியல் நிறுவனமும் அவர் பெயரைத் தாங்கியது. பரிசோதனையின் முதன்மை அவருக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பரிசோதனையின் பொருளை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது வேறு வினா. பற்றீரியா சுரந்த நஞ்சே வடிகட்டியைக் கடந்திருக்கலாமென அவர் முதலிற் கருதினார். 1903 இலும் நோய்க்காரணி பற்றீரியாவே என்ற நிலைப்பாட்டை அவர் கைவிடவில்லை. புதிய உண்மை பழைய கோட்பாட்டினுள்ளேயே அடக்கப்பட்டது. முதன்மைக்கான உரிமையை நாட்டுப் பெருமையாக்கும்போது மறைந்துபோவது இந்த முக்கிய உண்மையேயாகும்.

2. திரவமா, துணிக்கையா?

டெல்ப்ற் நகரில் ஆய்வு நடத்திய பெயெரிங்க் 1898 இல் மேலும் ஒருபடி சென்றார். வடிகட்டிய சாற்றின் மிகச் சிறிய அளவும் செடியை நோய்ப்படுத்தியது. அச்செடியின் சாறு மேலும் பல செடிகளை நோய்ப்படுத்தியது. நஞ்சாயின் அது ஐதாகி வலுவிழந்திருக்கும். ஆகவே அது செடியினுட் பெருகுகின்றது, அதுவும் வளர்ந்துகொண்டிருக்கும் இழையங்களில் மட்டுமே பெருகுகின்றது என அவர் வாதித்தார். பின்னர் அதனை ஏகார் என்னும் கடற்பாசிக் களியின்மீது வைத்தபோது களியினுள் அது பரவிச் சென்றது. துணிக்கையாயின் மேற்பரப்பிலேயே தங்கியிருக்குமென எண்ணிய அவர், அதனை உயிருள்ள தொற்றுத் திரவம் என அழைத்தார்.

பெருகுகின்றது என்ற முடிவு நிலைத்தது. திரவம் என்ற முடிவு நிலைக்கவில்லை. போதியளவு சிறிய துணிக்கைகளும் களியினுட் பரவக்கூடும் என்பதை அவருடைய பரிசோதனையால் வேறுபடுத்திக் காட்ட முடியாதிருந்தது. அதே 1898 இல் ஜேர்மனியில் லொவ்லரும் புறொஷும் கால்நடைகளின் கால்வாய் நோயை ஆராய்ந்து, அதன் காரணியும் வடிகட்டியைக் கடப்பதைக் கண்டனர். அவர்கள் அதனைத் துணிக்கையெனவே கருதினர்.

இதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேலாக வைரசு மூன்று இன்மைகளாலேயே வரையறுக்கப்பட்டது. அது வடிகட்டியில் தங்குவதில்லை, நுணுக்குக்காட்டியிற் புலப்படுவதில்லை, செயற்கை ஊடகத்தில் வளர்வதில்லை. இம்மூன்றும் வைரசின் இயல்புகள் எனப் பாடநூல்களில் இடம்பெற்றன. உண்மையில் இவற்றுட் பெரும்பகுதி அக்கால ஆய்வுகூடத்தின் எல்லைகள் பற்றிய கூற்றுக்களேயாகும்.

3. அளவீடும் பளிங்கும்

இந்நிலையை மாற்றியது ஓர் எளிய அளவீட்டு முறை. 1929 இல் அமெரிக்காவில் ஹோம்ஸ் என்பார், புகையிலையின் இனமொன்றின் இலைகளில் வைரசுச் சாற்றைத் தேய்த்தால் தனித்தனிப் புள்ளிகள் தோன்றுவதையும், அவற்றின் எண்ணிக்கை சாற்றின் செறிவைக் காட்டுவதையும் அறிவித்தார். அதுவரை நோய் உண்டா, இல்லையா என்று மட்டும் கூற முடிந்தது. இனி எவ்வளவு என்று கூற முடிந்தது. எவ்வளவு எனக் கூற முடியாத பொருளைத் தூய்மையாக்க இரசாயனவியலாளரால் இயலாது. எந்தப் பகுதியில் வைரசு சேர்ந்துள்ளது, எதில் இழக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு படியிலும் அறியவேண்டுமல்லவா?

பிறின்ஸ்ரனிலிருந்த றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஸ்ரான்லி 1935 இல் இவ்வைரசைப் பளிங்குருவில் பெற்றதாக அறிவித்தார். உயிர்ப்பொருள் எனக் கருதப்பட்ட ஒன்று உப்பைப்போலப் போத்தலில் அடைக்கப்பட்டமை பெரும் வியப்பை ஏற்படுத்தியது. அது தன்னைத்தானே ஊக்கிப் பெருகும் புரதம் என அவர் கூறினார். இம்முடிவு எங்கிருந்து வந்தது? சம்னர் 1926 இல் யூரியேசு என்ற நொதியத்தையும், நோர்த்ரொப் 1930 இல் பெப்சினையும் பளிங்காக்கி, அவை புரதங்களெனக் காட்டியிருந்தனர். நோர்த்ரொப் பணியாற்றியதும் பிறின்ஸ்ரனிலேயே. நொதியத்தைத் தூய்மையாக்கும் முறையைக் கைக்கொண்டவர், நொதியம் பற்றிய கோட்பாட்டையும் உடன்பெற்றுக்கொண்டார் எனலாம்.

4. பொசுபரசின் சாட்சியம்

அடுத்த ஆண்டே இங்கிலாந்திலிருந்து மறுப்பு வந்தது. போடனும் பிரியும், பளிங்கியலாளரான பேர்னல், பன்குச்சென் ஆகியோருடன் இணைந்து 1936 இல் வெளியிட்ட ஆய்வில், தூய்மையாக்கிய வைரசிற் பொசுபரசும் காபோவைதரேற்றும் இருப்பதைக் காட்டினர். அவை றைபோநியூக்கிளிக் அமிலத்தின் கூறுகள். புரதத்தோடு அவ்வமிலமும், நூற்றுக்கு ஐந்தோ ஆறோ பங்காக, அதில் அடங்கியிருந்தது. பளிங்கு எனப்பட்டதும் முப்பரிமாணத்தில் ஒழுங்குற்ற உண்மைப் பளிங்கன்று என எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டியது.

பேர்னல் பொதுவுடைமையாளர், பிரியும் இடதுசாரி. இதனை வைத்து, சரியான தத்துவம் சரியான முடிவைத் தந்தது எனக் கூற நாம் ஆசைப்படலாம். ஆனால் சான்றுகள் அவ்வாறு கூறவில்லை. ஸ்ரான்லியின் கூற்றைத் திருத்தியது பொசுபரசின் அளவீடேயன்றித் தத்துவமன்று. மேலும், அமிலம் இருப்பதைக் கண்டவர்களும் தொற்றுந்தன்மை அதிலேயே உறைகின்றது எனக் கூறவில்லை. நியூக்கிளிக் அமிலங்கள் நான்கு அலகுகள் மாறிமாறி வரும் எளிய அமைப்புடையன, பரம்பரைச் செய்தியைத் தாங்கும் ஆற்றலற்றன என்பதே அக்காலக் கருத்து. 1946 இல் ஸ்ரான்லிக்கும் நோர்த்ரொப்புக்கும் நோபல் பரிசிற் பங்களிக்கப்பட்டபோதும், நொதியங்களையும் வைரசுப் புரதங்களையும் தூய நிலையிற் பெற்றமைக்காகவே அது வழங்கப்பட்டது. அமிலம் அறியப்பட்டுப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

1955 இல், ஸ்ரான்லி தலைமைதாங்கிய பேர்க்லி ஆய்வுகூடத்திலேயே, பிறெங்கல்-கொன்றற்றும் வில்லியம்ஸும் வைரசின் புரதத்தையும் அமிலத்தையும் பிரித்தெடுத்து மீண்டும் இணைத்துத் தொற்றும் வைரசைப் பெற்றனர். 1956 இல் தூபிங்கனில் ஜீரரும் ஷிராமும் பீனோலினாற் புரதத்தை அகற்றி, எஞ்சிய அமிலம் தனித்தே நோயை விளைவிப்பதைக் காட்டினர். அதன் வீரியம் முழு வைரசினதைவிட மிகக் குறைவாக இருந்தமையால், எஞ்சிய முழுத் துணிக்கைகளே நோய்க்குக் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அமிலத்தைச் சிதைக்கும் நொதியம் அவ்வீரியத்தை அழித்தது. முழு வைரசையோ அது தாக்கவில்லை. இவ்வாறு ஐயம் தீர்ந்தது. பேர்னலின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றொசலின்ட் பிராங்கிளின், அமிலம் புரத அலகுகளுக்கிடையே சுருளாக அமைந்திருப்பதைக் காட்டினார். 1958 இல், 37 வயதில், அவர் மறைந்தார்.

5. முடிவுரை

இவ்வரலாறு முடிந்த கதையன்று. 1992 இல் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில், நியூமோனியா நோய்ப்பரவல் ஒன்றை ஆராய்கையில், குளிரூட்டும் கோபுரமொன்றின் நீரிலிருந்த அமீபாவினுள் ஓர் உருவம் காணப்பட்டது. சாதாரண நுணுக்குக்காட்டியிற் புலப்பட்டமையாலும் பற்றீரியாவைப்போலச் சாயமேற்றமையாலும் அது பற்றீரியாவெனவே கொள்ளப்பட்டது. அது ஒரு வைரசு என 2003 இலேயே அறிவிக்கப்பட்டது. மிமிவைரசு என்னும் அது, பற்றீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைக் கடக்கமாட்டாத அளவு பெரியது. வடிகட்டியைக் கடப்பதே வைரசு என்ற, 1890களின் கருவியொன்று வகுத்த எல்லை, நூறாண்டின் பின்னரும் ஆய்வாளர் கண்ணை மறைத்தது.

நடைமுறையே கோட்பாட்டின் உரைகல் என நாம் அடிக்கடி கூறுகிறோம். அது சரியே. ஆனால் அந்த உரைகல்லும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காக மனிதராற் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடுதல் ஆகாது. கருவியின் எல்லையைப் பொருளின் இயல்பெனக் கொள்ளும்போது நடைமுறையே வறட்டுக் கோட்பாடாக உறைந்துவிடுகின்றது. ஆகவே ஒரு பரிசோதனையின் முடிவை ஏற்குமுன், அது எதனைக் காட்டியது என்பதுடன், எதனைக் காட்டும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை என்பதையும் வினவும் பழக்கத்தை எமது மாணவரிடையே வளர்த்தல் வேண்டும். விஞ்ஞான வரலாற்றைப் பாடமாகக் கற்பிப்பதன் பயன் அதுவே என்பது எமது கருத்தாகும்.