உருவம் ஒன்று, பைட்டு வேறு: பிஎச்பி மாறிலிகளும் தமிழ்ப் பெயர்களும்

பழனி மலையின் மேல்மலைப் பகுதியில் கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை ஊர்களின் மலைப்பூண்டுத் தோட்டங்களுக்கு இரண்டு விதக் கணக்கு உண்டு. பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் ஏக்கர், சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட் என்பவை எந்த ஆண்டும் மாறாதவை. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலையோ சந்தைக்குச் சந்தை மாறும். கவுஞ்சித் தோட்டம் ஒன்றுக்கு இணையத்தில் வரவு செலவு எழுத ஒரு நிரல் செய்தால், விலை மாறியாகவும் சென்ட் மாறிலியாகவும் அமையும். தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பி இருப்பதால், இந்த மொழி மலைக் கிராமத்து மாணவருக்கும் அயலானதல்ல. அந்த மொழி தன் மாறிலிகளை எப்படி நடத்திவந்தது, தமிழில் பெயரிடுவோருக்கு அதில் எங்கே இடர் காத்திருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995 ஜூனில் பொதுவில் வெளியிட்ட சிறு கருவித் தொகுப்பு, 1998இல் ஸீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் இருவரின் உழைப்போடு பிஎச்பி 3 ஆனது. 'டிஃபைன்' என்ற செயற்கூறுக்குப் பெயரையும் மதிப்பையும் கொடுத்தால் மாறிலி பிறந்துவிடும். அதே பெயரை மறுபடி வரையறுக்க முயன்றால் எச்சரிக்கை மட்டும் வரும், முதல் மதிப்பே நிற்கும். எல்லா மாறிலிகளும் ஒரே பொதுவெளியில் கிடந்தன. மொழி தானே தரும் பையின் மதிப்பு, பிழைநிலைக் குறிகள், தரவுத்தள நீட்சி கொண்டுவரும் குறிகள், நிரலர் எழுதிய சென்ட் எல்லாம் அங்கேதான்.

கூட்டம் பெருகியதும் பட்டியல் தேவைப்பட்டது. 2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பில் 'கெட்_டிஃபைண்ட்_கான்ஸ்டன்ட்ஸ்' சேர்ந்தது. அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் மாறிலிகள் அனைத்தையும் பெயரும் மதிப்புமாக ஓர் அணியில் அது தரும். நீட்சிகள் பல நிறுவிய கணினியில் இப்பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். நம்முடைய ஒரே ஒரு சென்ட் கடைசியில் எங்கோ கிடக்கும். 2004இல் வந்த 5.0 பதிப்பு இதற்கு வழி செய்தது. 'ட்ரூ' என்ற மதிப்பை உள்ளே கொடுத்தால் பட்டியல் நீட்சிவாரியாகப் பிரிந்து வரும், நாம் எழுதியவை 'யூசர்' என்ற தலைப்பின்கீழ் தனியே நிற்கும். சிறிய மாற்றம்தான். ஆனால் பிறர் எழுதிவைத்த பழைய நிரலைக் கையில் வாங்குபவருக்கு முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடம் அந்த 'யூசர்' பகுதி என்பதே என் கருத்து.

அதே ஐந்தாம் பதிப்பில் வகுப்புக்குள் மாறிலி வந்தது. 2009இன் 5.3 பதிப்பு 'கான்ஸ்ட்' என்ற சொல்லை வகுப்புக்கு வெளியேயும் அனுமதித்து, பெயர்வெளிகளையும் தந்தது. 2021இன் 8.1 பதிப்பில், குறித்த சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் 'ஈனம்' (enum) வகை வந்தது, 2023இன் 8.3 பதிப்பில் வகுப்பு மாறிலிக்குத் தரவு வகையும் குறிக்க முடிந்தது. வகுப்புக்குள் குடியேறிய மாறிலிகளை மேற்சொன்ன பட்டியல் காட்டாது. அவற்றுக்கு 'ரிஃப்லெக்‌ஷன்' வகுப்பின் துணை வேண்டும்.

இந்த வரலாற்றில் மிகவும் கவனிக்க வேண்டியது, வரையறுக்காத மாறிலியை மொழி நடத்திய விதம். தொடக்கத்தில் பிஎச்பி புதியவரிடம் இரக்கம் காட்டியது. தெரியாத பெயர் வந்தால் அதை ஓர் எழுத்துச் சரமாகக் கருதிக்கொண்டு, சிறு அறிவிப்போடு மேலே போகும். மேற்கோள் குறி போட மறந்தவரின் நிரலும் அதனால் ஓடியது. அந்த இரக்கத்துக்குக் கொடுத்த விலை என்ன? 20 சென்ட் தோட்டத்துக்கு 8,712 சதுர அடி வர வேண்டிய இடத்தில், மாறிலிப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சரத்தோடு பெருக்கி 0 என்று விடை தரும். பயன்பாட்டில் உள்ள தளங்களில் அறிவிப்புகளைத் திரையில் காட்டாமல் மறைப்பது வழக்கம், ஆகவே அந்த 0 யார் கண்ணிலும் படாமல் கணக்கில் ஏறும். 2017இன் 7.2 பதிப்பு அறிவிப்பை எச்சரிக்கையாக உயர்த்தியது. 2020இன் 8.0 பதிப்பில்தான் அது நிரலையே நிறுத்தும் பிழையானது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராத மாறிலிகளும் அந்தப் பதிப்பில்தான் முற்றாக நீங்கின.

தமிழில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கிடையாது; அந்தத் தொல்லை நமக்கில்லை. வேறொன்று உண்டு. ஆஸ்கி எல்லைக்கு அப்பாலுள்ள பைட்டுகளையும் பெயர்களில் ஏற்கும் மொழி இது என்பதால் 'தோட்டச்_சென்ட்' என்றே மாறிலிக்குப் பெயரிடலாம். யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். தகரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு விதம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே. இவை சமமானவை என்று யூனிகோடு தரமே சொல்கிறது. பிஎச்பியோ பைட்டுகளை மட்டும் ஒப்பிடுகிறது. ஒருவர் ஒரு விதமாக வரையறுத்து, மற்றொருவர் வேறு விசைப்பலகையில் தட்டினால், இரண்டு வரி மேலே கண்ணெதிரே வரையறுத்திருக்கும் பெயரையே 'வரையறுக்கப்படவில்லை' என்று பிழைச்செய்தி சொல்லும். 8.0க்கு முன்பாக இருந்தால் நிரல் நிற்காமல், மறைந்துபோகும் அறிவிப்போ எச்சரிக்கையோ மட்டும் தந்து 0 வந்திருக்கும்.

இங்கேதான் பட்டியல் கைகொடுக்கிறது. 'யூசர்' பகுதியின் ஒவ்வொரு பெயருக்கும் பைட்டு நீளத்தை அருகில் அச்சிட்டால், இரண்டு விதமாகவும் வரையறுத்திருக்கும் இடத்தில் ஒரே உருவில் வேறு நீளத்தில் நிற்கும் இரட்டையர் உடனே அகப்படுவர்; ஒரு விதம் மட்டும் வரையறுத்திருந்தால், பிழை தரும் பெயரின் நீளத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காணலாம். 'இன்டல்' நீட்சியின் 'நார்மலைசர்' இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும். அதை நிரல் ஓடும்போது பயன்படுத்துவது, மாறிலியின் மதிப்பைத் தரும் 'கான்ஸ்டன்ட்' போன்ற செயற்கூறுகளுக்குச் சரமாகக் கொடுக்கும் பெயர்களுக்கே உதவும். நிரலில் நேராக எழுதிய பெயர்கள் கோப்பைப் படிக்கும்போதே நிலைத்துவிடுவதால், கோப்பைச் சேமிக்கும் கட்டத்திலேயே அவற்றைச் சீராக்க வேண்டும். 'பௌர்ணமி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டும் பழக்கத்தை நார்மலைசராலும் திருத்த முடியாது. யூனிகோடு அவற்றைச் சமமாகக் கொள்வதில்லை. அதற்கு நீளம் அச்சிட்ட அந்தப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும்.