உறக்கமும் வர்க்க நோக்கும்: உறக்க மூச்சுத்தடை நோய் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

நோய்களின் வரலாறு மருத்துவத்தின் வரலாறு மட்டுமன்று. சமூகப் பார்வையின் வரலாறுமாகும். உறக்க மூச்சுத்தடை நோய் இதற்குத் தக்க சான்றாகும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர, சுவாசவழி அடைபட்டு மூச்சு நின்றுபோகிறது. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான தடவை நிகழலாம். நோயாளி அதனை உணர்வதில்லை. பகலில் உறங்கி விழுகிறார்.

1836-37 இல் தொடராக வெளிவந்த டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் ஜோ என்னும் பருத்த பையன் வருகிறான். வார்டில் என்னும் நிலவுடைமையாளரின் வேலைக்காரனான அவன் எங்கும் உறங்குகிறான், குறட்டை விடுகிறான். வாசகர் நகைக்கின்றனர்.

1956 இல் பேர்வெல் முதலிய அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். வெல்லக்கூடிய சீட்டுகள் கையிலிருந்தும் ஆட்டத்தின் நடுவே உறங்கிப்போன அவர், ஒரு வணிக நிர்வாகி. அந்நோய்க்கு அவர்கள் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். இடைப்பட்ட காலத்தில் மருத்துவம் வளர்ந்தமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேலைக்காரனின் உறக்கம் நகைச்சுவையாகவும் நிர்வாகியின் உறக்கம் நோயாகவும் நோக்கப்பட்டமை தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம்.

அப்பெயர் திசைதிருப்பவும் செய்தது. உடற்பருமனும் குருதியிற் சேரும் காபனீரொட்சைட்டுமே காரணமெனக் கொள்ளப்பட்டன. 1965 இல் பிரான்சில் கஸ்தோ குழுவினரும், ஜேர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் நோயாளர் உறங்கும்போதே பதிவுகள் எடுத்தனர். மூச்சு மீண்டும் மீண்டும் நிற்பது புலனாயிற்று. பருமனற்றோருக்கும் இந்நோய் உண்டென்பது பின்னர் தெளிவாயிற்று.

தொடக்கத்திற் சிகிச்சை கொடியதாயிருந்தது: கழுத்தைத் துளைத்து மூச்சுக்குழாயிற் குழல் பொருத்தினர். 1981 இல் அவுஸ்திரேலியரான கொலின் சலிவனும் அவரது குழுவினரும், மூக்கின் வழியே இடையறாது காற்றழுத்தம் செலுத்தி, தொண்டை அடைபடாது காக்கும் முறையை ஐந்து நோயாளரிற் பரீட்சித்து வெளியிட்டனர். இன்றும் அதுவே தலையாய சிகிச்சையாகும்.

எனினும் கருவிக்கு விலையுண்டு. அதற்கு மின்சாரமும் வேண்டும். வேலைத்தலத்தில் உறங்கி விழும் தொழிலாளியைச் சோம்பேறியென ஏசும் குரலும் ஓயவில்லை. அறிவியல் நோயைக் கண்டறிந்துவிட்டது. நோயாளியை மனிதனாகக் காண்பது சமூகத்தின் கடமையாக எஞ்சி நிற்கிறது.