பெட்டிக்கு ஜன்னல் வைத்த கதை

போன மாதம் பேரன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே விசிறிகள் நீலமும் சிவப்புமாக நிறம் மாறிச் சுழல்கின்றன. "எப்படி இருக்கு தாத்தா?" என்றான். "நல்லா இருக்குடா" என்றேன். அவன் அப்பா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருபது வருஷக் கதை இருக்கிறது. அதற்கு முன்னால் பெட்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் ஆபீசில் முதலில் பார்த்த கம்ப்யூட்டர்கள் நினைவிருக்கிறதா? அழுக்கு வெள்ளை நிறத்தில் கனமான இரும்புப் பெட்டி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் கொண்டுவந்த பி.சி.யும் இரும்புப் பெட்டிதான். இரும்பை வைத்தது உறுதிக்காக மட்டும் அல்ல. கம்ப்யூட்டர் ஓடும்போது ரேடியோ அலைகள் வெளியே கசியும். 1977-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிஆர்எஸ்-80 என்ற கம்ப்யூட்டர், பக்கத்தில் இருக்கும் ரேடியோவைக் கரகரக்க வைக்கும். 1979-ல் அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் இந்தக் கசிவுக்கு வரம்பு விதித்தது. அதற்குள் அடங்க முடியாமல் அந்த முதல் மாடல் 1981 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. சுற்றிலும் உலோகம் மூடியிருந்தால் அலை பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும். ஆகவே பெட்டி மூடியே இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் கேட்கவும் இல்லை.

கேட்க ஆரம்பித்தது விளையாட்டுப் பையன்கள். 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்ற சிப்பை விற்றது. 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு விலை கொடுத்து வாங்கி, 450 வரை ஏற்றி ஓட்டலாம் என்று பலர் கண்டுகொண்டார்கள். வேகத்தை ஏற்றினால் சூடும் ஏறும். சூட்டை வெளியேற்ற இன்னொரு விசிறி வேண்டும், விசிறிக்குப் பெட்டியில் வட்டமாக ஓட்டை வேண்டும். காற்றுக்காக ஒரு முறை தகட்டை வெட்டிப் பழகிய கை, பார்ப்பதற்காகச் சதுரமாக வெட்டத் தயங்குமா? அதே 1998-ல் ஆப்பிள் நிறுவனம், உள்ளே இருப்பது நிழலாகத் தெரியும் நீலப் பிளாஸ்டிக் உடலோடு ஐமேக்கைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரை ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு வந்து ஒரே கூடத்தில் விளையாடும் வழக்கமும் அப்போது பரவியிருந்தது. டெக்சாஸில் 1996-ல் தொடங்கிய குவேக்கான் அப்படிப்பட்ட கூட்டம்தான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தால் எப்படி?

வெட்டும் முறை நம் பட்டறைக்காரர்களுக்குப் புதிதல்ல. பக்கத் தகட்டை மட்டும் கழற்றித் தனியே கொண்டுபோக வேண்டும். பெயின்ட் கீறாமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட வேண்டும். நாலு மூலையிலும் முதலில் ட்ரில் போட்டு, அந்தத் துளையில் ஜிக்சா பிளேடை நுழைத்து அறுக்க வேண்டும். தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அதனால் பல் நெருக்கமான பிளேடு தேவை. சிலர் டிரெமல் என்ற சின்னச் சுழல் கருவியில் வெட்டு வட்டைப் போட்டு அறுத்தார்கள். பிறகு அரம் போட்டுப் பிசிறு எடுத்து, விளிம்பில் ரப்பர் பீடிங் மாட்டி, உள்பக்கம் அக்ரிலிக் ஷீட்டைப் பொருத்தினால் ஜன்னல் தயார். உலோகக் காப்பில் ஓட்டை விழும், கம்பெனி வாரண்டியும் போய்விடும். தெரிந்தேதான் வெட்டினார்கள்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். 2003-ல் என் மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். நான் பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர். சொசைட்டி லோன் போட்டு வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஏதோ பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம பெட்டியிலும் இப்படி வெட்டித் தர்றீங்களா?" என்று கேட்டான். "லோனே இன்னும் அடையல, அதை அறுக்கணுமா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வந்து பார்த்தால் வீட்டில் கருகிய வாடை. ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தகட்டை அறுத்திருக்கிறான். பறந்த இரும்புத் துகள் மதர்போர்டில் விழுந்திருக்கிறது. அது தெரியாமல் ஸ்விட்சைப் போட்டிருக்கிறான். போர்டு போய்விட்டது. பத்து நாள் அவனோடு பேசவில்லை.

பிறகு ஒரு நாள் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கோடு கொஞ்சம் நெளிந்திருந்தது. ஆனால் நாலு மூலையிலும் ஒழுங்காகத் துளை போட்டிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதுவரை சரியாக வந்துவிட்டான். "அறுத்த இடத்தைவிட்டு ஜாப்பைத் தள்ளி வை, துகளைத் துடை, அப்புறம்தான் மாட்டு" என்று வருஷா வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். என் பிள்ளை கேட்டு வந்தபோது லோன் கணக்குச் சொன்னேன்.

அந்த வாரமே இரண்டு பேருமாக உட்கார்ந்து அரம் போட்டோம். பெயர்ப்பலகை செய்கிற கடையில் அக்ரிலிக் துண்டும், கார் சீட் தைக்கிற கடையில் ரப்பர் பீடிங்கும் வாங்கினோம். போர்டுக்குப் பணம் சேர நாலு மாதம் ஆனது. அதுவரை ஜன்னல் வைத்த பெட்டி சும்மா நின்றது.

பையன்கள் வீட்டில் வெட்டியதைப் பார்த்த கம்பெனிகள் பிறகு தாங்களே ஜன்னல் வைத்து விற்றன. இப்போது அக்ரிலிக்கும் போய், டெம்பர்டு கண்ணாடி வந்துவிட்டது.

பரணிலிருந்து அந்தத் தகட்டை இறக்கிப் பேரனிடம் காட்டினேன். நெளிந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடியோடவே விக்கிறாங்களே, எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டீங்க?" என்றான்.

"அப்போ நம்ம ஊர்ல கிடைக்கலடா" என்றான் மகன். நான் துகள் விஷயத்தைச் சொல்லவில்லை. அதை அவனே சொல்லட்டும்.